இரண்டு கல்லூரியிலும் இடம் கிடைத்தால்

(பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஒகேனக்கல்லில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆடி நெருங்குகிறது. கபினி அணையும் கிருஷ்ணராஜ சாகர் அணையும் நிரம்பிவிட்டால் பிலிகுண்டுலுவில் காவிரி நீரின் அளவு ஏறும். அளவு ஏறினால் பரிசலுக்குத் தடை, அருவியில் குளிக்கத் தடை. பரிசல் நின்றுவிட்டால் மீன் வறுக்கிறவர், சமைத்துக் கொடுக்கிறவர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் எல்லோர் வீட்டிலும் வருமானம் நின்றுவிடும். இதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பொறியியல் கலந்தாய்வு நடப்பதும் கல்லூரியில் பணம் கட்டச் சொல்வதும் பெரும்பாலும் இதே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான். 2018இலும் 2024இலும் வெள்ளமும் சேர்க்கையும் ஒன்றாகவே வந்தன. ஒரு பிள்ளையின் அடுத்த நான்கு ஆண்டுகளை முடிவு செய்கிற வேலை, இந்த ஊரில் கையில் காசில்லாத வாரத்தில், யாரோ சொன்னதைக் கேட்டு, அவசர அவசரமாக நடந்துவிடுகிறது. அந்த வாரம் வருவதற்கு முன்னால் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

பேச வந்தது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. இரண்டு கல்லூரியிலும் இடம் கிடைக்கிறது; ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கல்லூரிகள். எதில் சேர்வது? ஊரில் யாரைக் கேட்டாலும் “எது பெரிய காலேஜோ அதில் சேர்” என்பார்கள். எந்தக் கல்லூரியில் இந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கும், நன்றாக வாழும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள் என்கிறேன் நான். இந்த இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். பல வீடுகளில் இரண்டுக்கும் வேறு வேறு விடைதான் வரும்.

ஊட்டமலையில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கணக்கில் கெட்டிக்காரி. சிறு வயதிலிருந்து ஒரு விஷயம் அவள் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது: இங்கே கீழே ஓடுகிற காவிரித் தண்ணீரை மலைமேல் ஏற்றி, கிருஷ்ணகிரி மாவட்டம் வரைக்கும் எப்படிக் கொண்டுபோகிறார்கள்? ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டுப்போன இரண்டு மாவட்டங்களுக்கு 2013இல் இந்த ஆற்றுத் தண்ணீர் கூட்டுக்குடிநீர்த் திட்டமாகப் போய்ச் சேர்ந்தது. அதைக் கட்டியவர்கள் கட்டடப் பொறியாளர்கள் என்று தெரிந்ததும் அவளும் அதையே படிக்க நினைக்கிறாள். அவள் மதிப்பெண்ணுக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் இரண்டு இடம் கைக்கு எட்டுகிறது. ஒன்று சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரி. இன்னொன்று தருமபுரிக்குப் பக்கத்தில் செட்டிக்கரையில் இருக்கிற அரசுப் பொறியியல் கல்லூரி.

கிண்டிக் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாக எட்டு மாணவர்களோடு தொடங்கியது. 1920இல் கிண்டிக்கு இடம் மாறியது. 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதன் அங்கமானது. செட்டிக்கரைக் கல்லூரி 2013இல் வந்தது. இந்தக் காவிரித் தண்ணீர் வீட்டுக் குழாய்க்கு வந்த அதே ஆண்டு. ஒன்றின் வயது இருநூற்று முப்பதைத் தாண்டிவிட்டது. மற்றது இன்றைய மாணவர்களைவிட இளையது. பட்டத்தில் இரண்டுக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். ஆனால் கிண்டி, பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரி. அதன் பாடத்திட்டம் வேறு, தேர்வு வேறு. செட்டிக்கரை, பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி.

இந்த வேறுபாடுகளையெல்லாம் விடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. அவளுடைய அன்றாட நாள். கிண்டிக்குப் போனால் மொரப்பூரில் ரயிலேறிச் சென்னை போக வேண்டும். விடுதி அறை, தெரியாத முகங்கள், வேகமான ஆங்கிலம். பென்னாகரம் வட்டத்தில் முதல் மதிப்பெண் எடுத்தவள் அங்கே போனால் வகுப்பில் இருக்கிற எல்லோருமே எங்கேயோ முதல் மதிப்பெண் எடுத்தவர்கள். முதல் உள்தேர்வில் அவள் நடுவில் நிற்கலாம், கடைசியிலும் நிற்கலாம். சில பிள்ளைகளுக்கு இது நெருப்பை மூட்டும். “இவர்களுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியாது” என்று இரவெல்லாம் உட்கார்ந்து படிப்பார்கள். இன்னும் சில பிள்ளைகள் சுருங்கிப்போவார்கள். சந்தேகம் கேட்கக் கையைத் தூக்க மாட்டார்கள், அறையை விட்டு வெளியே வர மாட்டார்கள். இரண்டு வகைப் பிள்ளைகளும் அறிவில் குறைந்தவர்கள் இல்லை. சுபாவம் வேறு.

செட்டிக்கரைக்குப் போனால் ஆசிரியருக்கு அவள் பெயர் சீக்கிரம் தெரிந்துவிடும். வகுப்பில் பேசுவாள், பொறுப்பெடுப்பாள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அங்கே யாரும் அவளைத் துரத்த மாட்டார்கள். கிண்டியில் சும்மா நடந்து போனாலே ஒரு போட்டி அறிவிப்பு, ஒரு ஆராய்ச்சிக் கூடம், வெளிநாட்டுக்குப் போகப்போகிற ஓர் அக்கா என்று ஏதாவது கண்ணில் படும். செட்டிக்கரையில் அதையெல்லாம் அவளே தேடிப் பிடிக்க வேண்டும். இன்னொரு சிக்கல், வீடு பக்கம் என்பதால் அங்கே விடுதி வேண்டாம் என்று முடிவெடுக்கிற வீடுகள் உண்டு. ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல், மலைப்பாதை. அங்கே இறங்கி இன்னொரு பேருந்து. போகவர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு வீட்டு வேலையில் உதவ வேண்டும். அப்புறம் படிப்பது எப்போது? பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்தாலும் விடுதியில் சேருங்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு எது சரி? அவளைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். இங்கே பரிசல் ஓட்டுகிறவர்களுக்கு இது புரியும். கடலில் போகிற படகு எவ்வளவு விலை என்றாலும் இந்தப் பாறைகளுக்கு நடுவே ஒரு நாள் தாங்காது. பரிசல் கடலில் தாங்காது. அவள் எந்தத் தண்ணீருக்கு உரியவள் என்பது தரவரிசைப் பட்டியலில் எழுதியிருக்காது.

ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் கற்பிக்கத் தொடங்கியது. கிண்டி என்றால் ஆங்கிலம், ஆங்கிலம் என்றால் நமக்கு வராது என்று பயந்து விலகுகிற தமிழ் வழி மாணவர்கள், விலகுவதற்கு முன் இதை விசாரிக்க வேண்டும். பயத்தால் விலகுவது வேறு, யோசித்து விலகுவது வேறு.

பொருந்தாத கல்லூரி என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் சீனிவாச ராமானுஜன். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அது அன்றைக்கே ஐம்பது ஆண்டுப் பெருமை கொண்ட கல்லூரி. கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் அவர் மனம் ஒட்டவில்லை, உதவித்தொகை போயிற்று. வீட்டை விட்டு விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறவில்லை. கும்பகோணமும் பச்சையப்பனும் நல்ல கல்லூரிகள்தாம். எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் மேலே போகலாம் என்ற அன்றைய முறைக்கும் அந்த மனிதரின் மனதுக்கும் பொருத்தம் இல்லை. இரண்டு இடத்தில் தோற்றவர், சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர், 1914இல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரிக்குப் போனார். அங்கே கணிதவியலாளர்கள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் அவர் மனம் ஓடுகிற திசையிலேயே கூட ஓடினார்கள். நான்கே ஆண்டில், 1918இல், ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

இந்தக் கதையை எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்த மாட்டேன். டிரினிடி அவருடைய கணக்குக்குப் பொருந்தியது, அவருடைய உடம்புக்குப் பொருந்தவில்லை. சைவச் சாப்பாடு, தானே சமைக்க வேண்டிய நிலை, முதல் உலகப் போர்க் காலத்துத் தட்டுப்பாடு, குளிர், தனிமை. 1917இல் படுக்கையில் விழுந்தார். 1919இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. நோயின் காரணம் பற்றி மருத்துவர்கள் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை. நான் கேட்பது இதுதான்: பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது பாடத்தை மட்டும் விசாரிக்கிறோமே, அங்கே என்ன சாப்பிடுவான், யாரோடு பேசுவான், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று விசாரிக்கிறோமா? விடுதிச் சாப்பாடு அற்ப விஷயம் என்று நினைக்காதீர்கள். நான்கு ஆண்டும் அதைத்தான் சாப்பிடப் போகிறார்கள்.

அப்துல் கலாம் அவர்களின் கதை வேறு மாதிரி. ராமேசுவரத்திலிருந்து திருச்சி புனித வளனார் கல்லூரிக்கு வந்து இயற்பியல் படித்து 1954இல் பட்டம் பெற்றார். முடிக்கிற நேரத்தில்தான், தான் போக வேண்டியது பொறியியலுக்கு என்பது அவருக்குத் தெளிவானது. சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்ற பொறியியல் கல்லூரியை 1949இல் தொடங்கியிருந்தார்கள். அங்கே இடம் கிடைத்தது. சேர்வதற்குப் பணம் இல்லை. அக்கா ஸோஹரா தன் நகைகளை அடகு வைத்துக் கொடுத்தார். குரோம்பேட்டையில், பறப்பதை நிறுத்திவிட்ட இரண்டு விமானங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அந்த இரண்டும் அந்த இளைஞரைப் பிடித்து இழுத்தன. வானூர்தித் துறையைத் தேர்ந்தெடுத்தார். திருச்சியில் படித்த காலம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாதை மாறியதற்கான விலையை அந்தக் குடும்பத்தில் ஓர் அக்கா தன் நகையால் கொடுத்தார். அதனால் கல்லூரியை முடிவு செய்வதற்கு முன் பாடத்தை முடிவு செய்யுங்கள். பாடம் தெரியாமல் கல்லூரிப் பெயரைத் தேடுகிறவர்களுக்கு எந்தக் கல்லூரியும் சரியாக அமையாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் பல வீடுகளில் கேள்வி கிண்டியா செட்டிக்கரையா என்று இருப்பதில்லை. பென்னாகரத்திலோ தருமபுரியிலோ அரசுக் கலைக் கல்லூரியா, அல்லது கடன் வாங்கித் தனியார் பொறியியல் கல்லூரியா என்றுதான் இருக்கிறது. இதில் என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். வரலாறு பிடித்த பிள்ளையை, தமிழ் பிடித்த பிள்ளையை, “பொறியியல் படித்தால்தான் மரியாதை” என்று பிடித்துத் தள்ளுவது பாவம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வு எழுதப் பொறியியல் பட்டம் யாரும் கேட்பதில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் செலவு மிகக் குறைவு. குறையும் உண்டு: நிரந்தர ஆசிரியர் இல்லாத இடங்களில் கௌரவ விரிவுரையாளர்கள்தான் பாரம் சுமக்கிறார்கள். நீங்கள் சேரப்போகிற துறையில் எத்தனை பேர் பாடம் நடத்துகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இனி, பெண் பிள்ளைகளைப் பற்றி. இதைச் சொல்லாமல் போனால் நான் இங்கே வந்ததே வீண்.

“பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்” என்று நான் சொன்னதை நாளைக்கு ஒருவர் வீட்டில் திருப்பிச் சொல்வார்: “ஐயாவே சொன்னார், பொம்பளப் புள்ளைக்குப் பக்கத்துக் காலேஜ்தான் பொருந்தும்.” நான் அப்படிச் சொல்லவில்லை. மாமா சொல்வதும் பெரியப்பா சொல்வதும் அவளுடைய சுபாவத்தைப் பார்த்துச் சொல்வது அல்ல. ஊர் என்ன பேசும் என்று பார்த்துச் சொல்வது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் நம் தருமபுரி, நூற்றுக்கு 68.5 பேர். பதினெட்டு வயது ஆவதற்கு முன்பே தாலி கட்டி அனுப்புகிற கொடுமை இந்த மலையோர ஊர்களில் இன்னும் ஓயவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் வெளியூர்க் கல்லூரியைக் கேட்டால், அவள் வெறும் கல்லூரியை மட்டும் கேட்கவில்லை.

புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்ற பெண் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் பெண்ணா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்தார், சேர்ந்தார். அங்கே படித்து முடித்தவர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார், 1912இல் மருத்துவரானார். பின்னாளில் சட்டமன்றத்துக்குப் போய்த் தேவதாசி முறைக்கு எதிராக நின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்தான். மகாராஜா கல்லூரி “பொருந்தாது” என்று சொன்னவர்கள் பேச்சை அவர் வீட்டில் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பணத்தைக் காரணம் காட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021இலிருந்து இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் அதே ஆயிரம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்குத் தனிச் சலுகை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், சில பிள்ளைகளுக்கு இங்கிருந்து தினமும் பேருந்தில் போய்வருகிற செலவைவிடச் சென்னை விடுதிச் செலவு குறைவாகவே இருக்கும். கணக்குப் போடாமல் “நம்மால் முடியாது” என்று சொல்லிவிடாதீர்கள்.

தரகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேர்வு முடிவு வந்த மறுநாளே வீட்டு வாசலுக்கு வருவார்கள். பேருந்து இலவசம், சீருடை இலவசம், மூலச் சான்றிதழை மட்டும் கொடுங்கள் என்பார்கள். கொடுக்காதீர்கள். மூலச் சான்றிதழைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே அறிவித்திருக்கிறது. சான்றிதழ் கையைவிட்டுப் போனால் உங்கள் விருப்பமும் சேர்ந்து போய்விடும்.

பொறியியலுக்குப் போகிறவர்கள் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது செய்கிற ஒரு தவறு நெஞ்சை உறுத்துகிறது. “கிண்டி நமக்குக் கிடைக்காது, அதைப் போட்டு என்ன பயன்” என்று தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். அல்லது கிடைக்கக்கூடியதை மேலே போட்டு, ஆசைப்பட்டதைக் கீழே போடுகிறார்கள். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். மேலே இருக்கிறது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்க்கும். அதனால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. கீழே போட்டதற்கு முன்பாகவே மேலே ஒன்று கிடைத்துவிட்டால், ஆசைப்பட்டதை அது பார்க்கவே பார்க்காது. மனதில் எது முதலோ அதுதான் பட்டியலிலும் முதல். செட்டிக்கரைதான் உனக்கு வேண்டும் என்று நீ யோசித்து முடிவு செய்திருந்தால், செட்டிக்கரையைக் கிண்டிக்கு மேலே போடு. யார் சிரித்தாலும் போடு.

ஆனால் அந்த முடிவை வீட்டில் உட்கார்ந்து எடுக்காதே. இரண்டையும் போய்ப் பார். ஞாயிற்றுக்கிழமை போகாதே, கட்டடம் மட்டும்தான் தெரியும். வேலை நாளில் போ. மாலை நேரத்தில் நூலகத்தில் யாராவது இருக்கிறார்களா பார். ஆய்வகத்தில் கருவிகள் மேல் தூசு படிந்திருக்கிறதா, கை பட்டு மெருகேறியிருக்கிறதா பார். முதல்வரைப் பார்த்துப் பேசுவதைவிட, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசு. முதல் ஆண்டு எப்படி இருந்தது, பாடம் புரியாமல் தவித்தபோது யார் உதவினார்கள் என்று கேள். அவர் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும். அங்கே நிற்கும்போது உன் மனம் என்ன சொல்கிறது என்பதையும் கவனி. வேர்த்துக் கொட்டுகிறதா, அல்லது “இங்கே இருக்கலாம்” என்று தோன்றுகிறதா? வேர்த்துக் கொட்டினாலும் அங்கேயே இருக்க ஆசையாக இருக்கிறது என்றால், அந்த ஆசையை மதி.

பெற்றோர்களே, இந்த மாதத்தில் ஒரே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு போங்கள். ஆற்றில் தண்ணீர் ஏறிப் பரிசல் நிற்கிற நாளிலேயே போங்கள். பார்த்துவிட்டு வந்தபின் விருப்பப் பட்டியலைப் பிள்ளை கையாலேயே எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் சந்தேகம் இருந்தால் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். தருமபுரியில் பொறியியல் சேர்க்கை உதவி மையம் இருக்கிறது, அங்கே போனால் பணம் வாங்காமல் செய்து தருவார்கள். மூலச் சான்றிதழ்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.